காந்தத்துக்காகக் காத்திருந்த மூன்று வாரம்

“சார், கத்தியே வைக்க வேணாமாம். காந்தத்தை உள்ள வச்சு எலும்புக் கட்டியைக் கரைச்சுடுறாங்களாம். கொஞ்சம் இதைப் பாருங்க” என்று காசிமேட்டிலிருந்து வந்திருந்த அந்த அப்பா செல்போனை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் அவர் மகன், பிளஸ் ஒன் படிக்கிற பையன், இடது முழங்காலுக்கு மேல் வீக்கத்தோடு காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். வீடியோ இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று, நீலமாக ஒளிரும் எலும்பு, வளையம் போன்ற ஒரு கருவி, பின்னால் தமிழில் யாரோ கொடுத்த குரல்.

அதற்கு மூன்று வாரம் முன்பே பையனின் பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனையின் முடிவு, வந்திருந்தது. ஆஸ்டியோசார்கோமா, எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய். கீமோ, அதாவது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகும் புற்றுநோய் மருந்து, தொடங்க நாளும் குறித்துக் கொடுத்திருந்தோம். வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்த மூன்று வாரமும் இந்தக் காந்த சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று உறவினர்களோடு ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையின் காலைக் காப்பாற்ற வழி தேடாத அப்பா யார்? அந்த வீடியோ சொல்லாமல் விட்டதை யாராவது தமிழில் எழுதி வைத்திருக்கலாமே என்றுதான் அன்றிரவு தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் காட்டியது பொய் இல்லை. அப்படி ஓர் ஆராய்ச்சி இருக்கிறது, நல்ல ஆராய்ச்சிதான்.

வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாத்திரம் வைக்காவிட்டால் அடுப்பின் கண்ணாடி சூடாவதில்லை. இரும்புப் பாத்திரத்தை வைத்தால் அது மட்டும் கொதிக்கிறது. அடியில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. கூடவே காந்தப்புலமும் திசை மாறுகிறது. அந்தத் தடுமாற்றம் பாத்திரத்தில் சூடாக வெளிப்படுகிறது. எலும்பிலும் ஏறக்குறைய இதையேதான் செய்யப் பார்க்கிறார்கள். கட்டி இருக்கும் இடத்தில் எலும்புக்குள் போய் இறுகும் எலும்பு சிமென்ட்டை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அந்த சிமென்ட்டில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு துகள்கள் கலந்திருக்கும். அப்புறம் கை காலை ஒரு சுருளுக்குள் வைத்து, விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் காந்தப்புலத்தைக் கொடுப்பார்கள். துகள்கள் சூடாகும், சுற்றியிருக்கும் தோலும் சதையும் பெரிதாகச் சூடாகாது. பாத்திரத்தில் சூடு பிறக்கும் விதமும் துகளில் பிறக்கும் விதமும் அச்சு அசல் ஒன்றில்லை என்றாலும், மனதில் வைத்துக்கொள்ள இந்த அடுப்பு போதும்.

இந்த யோசனை பழையது. நிணநீர்க் கணுக்களை இரும்புத் துகளால் சூடாக்கும் முயற்சியை அமெரிக்க மருத்துவர்கள் 1957-லேயே வெளியிட்டார்கள். மூளைக் கட்டிக்காக ஜெர்மனியில் உருவான துகள் சிகிச்சைக்கு 2010-ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. எலும்பைப் பொறுத்தவரை, ஜப்பானின் மியே பல்கலைக்கழக மருத்துவர்கள் வேறு உறுப்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் இதைச் செய்து பார்த்து 2007-ல் எழுதினார்கள். நோயாளிகள் 15 பேர்தான். அதன்பிறகு வந்ததில் பெரும்பகுதி ஆய்வகத்திலும் விலங்குகளிலும் நடந்தது. சென்னையில் இன்று வழக்கமான சிகிச்சையாக இது எங்கும் கிடைப்பதில்லை.

இத்தனை வருடம் ஆகியும் ஏன் வரவில்லை? காரணம் சூட்டின் கணக்கு. 42 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் புற்றணுக்கள் தளரும், கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் எளிதில் மடியும். 50-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் செத்துவிடும். ஆனால் நல்ல எலும்பே 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தால் பாதிக்கப்படத் தொடங்குகிறது என்று 1983-ல் முயல்களில் காட்டியிருக்கிறார்கள். அதாவது கட்டிக்குப் போதுமான சூட்டுக்கும் எலும்புக்கு ஆகாத சூட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒற்றையடிப் பாதை. அதில் ரத்த ஓட்டம் வேறு சூட்டை வாரிக்கொண்டு போகும். கட்டியின் ஒரு மூலை வெந்து இன்னொரு மூலை வெதுவெதுப்பாகவே நின்றுவிட்டால், அந்த மூலையிலிருந்து நோய் திரும்பும். காந்தப்புலத்தைக் கூட்டலாமே என்றால், ஓர் அளவுக்கு மேல் உடம்பே மின்சாரம் கடத்தி மொத்தமாகச் சூடாகும். பக்கத்தில் பழைய ஸ்டீல் பிளேட்டோ கம்பியோ இருந்தால் அதுவும் சூடாகும். துகளை அதிகம் கலந்தால் சிமென்ட் பலவீனமாகும். இன்னொன்று, இரும்பு இருக்கும் இடம் எம்ஆர்ஐயில் கருப்பாகத்தான் தெரியும். கட்டி திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டிய இடமே கருத்துப்போனால் எங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான்.

அந்தப் பையனின் விஷயத்தில் இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் 10 வயதிலிருந்து 20 வயதுக்குள், முழங்காலைச் சுற்றித்தான் வருகிறது. கட்டி கண்ணுக்குத் தெரியும்போதே, ஸ்கேனில் படாத அளவில், புற்றணுக்கள் நுரையீரலுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். 1970-களுக்கு முன்பு காலை எடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிழைத்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். காலையே முழுதாக எடுத்தும் நோய் போகவில்லை என்றால், காலில் இருக்கும் கட்டியை மட்டும் சூடாக்கி எப்படிப் போகும்? கீமோ வந்த பிறகுதான், நோய் வேறெங்கும் பரவியதாகத் தெரியாத பிள்ளைகளில் 60 முதல் 70 சதவீதம் பேர் நீண்ட காலம் பிழைக்கிறார்கள். காந்தம் எவ்வளவு முன்னேறினாலும் அது முழங்காலைத்தான் பார்க்கும், நுரையீரலை எட்டாது. அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். “அண்ணே, நாளைக்கே அந்த மெஷின் சென்னைக்கு வந்தாலும் தம்பிக்கு முதல்ல கீமோதான் போடுவேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையனே “போட்டுடலாம்பா” என்றான்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி யாருக்கு? மார்பகத்திலிருந்தோ புராஸ்டேட்டிலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ எலும்புக்குப் பரவி, இடுப்பும் தொடையும் எப்போது முறியுமோ என்று பயந்து நடக்கும் பெரியவர்களுக்கு. பெரிய ஆபரேஷனை அவர்கள் உடம்பு தாங்காது. ஊசி வழியாகப் போன சிமென்ட் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும்; உள்ளேயே இருக்கும் துகளை, இன்னொரு ஊசி குத்தாமல், வெளியிலிருந்தே மறுபடி மறுபடி சூடாக்கலாம். இதன் அழகே அதில்தான் இருக்கிறது. என் மனதை இதில் இழுப்பதும் அதுதான். அது நடக்கும் நாளை நானும் எதிர்பார்க்கிறேன்.

சூட்டால் எலும்புக் கட்டியை முடிக்கும் சிகிச்சை ஒன்று இப்போதே கையில் இருக்கிறது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்று ஒரு சின்னக் கட்டி. புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் ராத்திரியானால் குத்தும், ஆஸ்பிரின் போட்டால் அடங்கும். வேளச்சேரியிலிருந்து வந்த கல்லூரி மாணவன் ஒருவன் இந்த வலியோடு ஒரு வருடத்துக்கு மேல் தூக்கமில்லாமல் இருந்தான். சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, ரேடியோ அலையால் சுமார் 90 டிகிரிக்குச் சில நிமிடம் சூடேற்றினோம். மறுநாள் காலையில் “சார், நேத்து தூங்கிட்டேன்” என்றான். 1992-ல் இருந்து உலகம் முழுக்கச் செய்துவரும் சிகிச்சை இது, சென்னையிலும் செய்கிறார்கள்.

காந்தம் நிஜமாகவே வேலை செய்யும் இன்னோர் இடமும் உண்டு. பத்து வயதுக் குழந்தையின் தொடை எலும்பின் கீழ்முனையை எடுத்துவிட்டால், கால் வளரும் இடமே போய்விடும். மற்றக் காலோ அந்த இடத்தில் மட்டும் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டு போகும். இதற்காக, உள்ளே சிறு காந்தமும் பல்சக்கரங்களும் வைத்த செயற்கை எலும்பு 2002 வாக்கில் இங்கிலாந்தில் வந்தது. குழந்தையின் காலை வளையத்துக்குள் வைத்து வெளியிலிருந்து காந்தப்புலத்தைச் சுழற்றினால் உள்ளே காந்தம் சுழலும், எலும்பு நீளும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் நான்கு நிமிடம். மயக்க மருந்து வேண்டாம், தையல் வேண்டாம். விலைதான் நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரம். காசிமேட்டுப் பையன் வளர்ந்துவிட்டவன், அவனுக்கு இது தேவைப்படவில்லை. கீமோவுக்குப் பிறகு எடுத்த எலும்புக்கும் மூட்டுக்கும் சேர்த்து வைக்கிற சாதாரண மெகா செயற்கை மூட்டு வைத்தோம்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்ற காந்தப் படுக்கை, கையில் போடும் காந்த வளையம், இவற்றுக்கும் மேலே சொன்னவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அசையாத காந்தம் எதையும் சூடாக்காது.

வலியைப் பற்றிச் சொல்கிறேன். வளர்கிற பிள்ளைக்கு முழங்கால் பக்கம், ஒரே காலில், ஒரே இடத்தில், ராத்திரியில் எழுப்பும் வலி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். விளையாட்டில் பட்ட அடி என்று தள்ளிப் போடாதீர்கள். வீக்கம் இருந்தால் எண்ணெய் போட்டு உருவி விடவோ, இறுக்கிக் கட்டுப் போடவோ வேண்டாம். நம் ஊரில் எலும்பு என்றாலே புத்தூர் கட்டு என்று நினைக்கிற பழக்கம் இருக்கிறது. இந்தப் பையனும் எங்களிடம் வருவதற்கு முன் மூன்று கட்டு போட்டுக்கொண்டவன்தான்.

பயாப்ஸி விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். ஆபரேஷன் செய்யப்போகும் குழுவே பயாப்ஸியையும் செய்ய வேண்டும், அல்லது அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். ஊசி போன பாதையிலும் புற்றணு சிந்தியிருக்கலாம் என்பதால் அந்தப் பாதையையும் சேர்த்து எடுக்கிறோம். தவறான பக்கத்தில் குத்தியிருந்தால், காப்பாற்ற முடிந்த காலையும் எடுக்க நேரும். அமெரிக்காவில் 1982-ல் 329 நோயாளிகளைப் பார்த்த ஆய்வில், தவறான பயாப்ஸியால் 4.5 சதவீதம் பேருக்குத் தேவையில்லாமல் கை அல்லது காலை எடுக்க நேர்ந்திருந்தது. “சின்னக் கட்டிதான், சுரண்டி எடுத்துடலாம்” என்று எங்கோ திறந்துவிட்டு எங்களிடம் அனுப்பப்படுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

வரும்போது முதலில் எடுத்த எக்ஸ்ரே பிலிமிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். செல்போனில் எடுத்த எக்ஸ்ரே போட்டோ போதாது. எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் என்றால் அதைப் பதிந்து கொடுத்த குறுந்தகடும் வேண்டும். வெளியில் பயாப்ஸி செய்திருந்தால் ரிப்போர்ட் காகிதத்தோடு, கட்டித் துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் மீதித் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் அந்த லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும், இல்லையென்றால் விண்ணப்பிக்க ரேஷன் கார்டையும் ஆதாரையும் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.