களத்தில் விழும் விரிசல், மில்லில் கொட்டும் குருணை

திருவாரூர் பக்கம் சின்ன ரைஸ் மில் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அதே நெல், அதே மெஷின், அதே ஆள். ஒரு நாள் அரிசி முழுசு முழுசாக விழுகிறது, மறுநாள் குருணையாகக் கொட்டுகிறது. பாலிஷரை மாற்றிவிடலாமா? முழுமைத் தர மேலாண்மை, டி.க்யூ.எம். என்கிறார்களே, அதெல்லாம் எங்களைப் போன்ற சின்ன மில்லுக்கு ஆகுமா?"

தவிடு தீட்டும் பாலிஷரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். குருணை கண்ணில் படுகிற இடம்தான் அது. அந்த அரிசி உடைவதற்கான ஏற்பாடு பெரும்பாலும் முந்தின நாளே களத்தில் முடிந்திருக்கும். தர மேலாண்மையின் அடிப்படையும் இதுதான்: கோளாறு ஓரிடத்தில் பிறக்கிறது, வேறிடத்தில் தெரிகிறது. கடைசியில் நின்று பொறுக்கி எடுப்பதால் தரம் வராது, வழி நெடுகப் பார்க்க வேண்டும்.

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, உமி நீக்கி, தவிடு தீட்டி, சலித்து மூட்டை பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வரிசை. 100 கிலோ நெல்லில் உமியே ஏறக்குறைய 20 கிலோ போய்விடும். அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் மில்லிடம் 100 கிலோவுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி கேட்கிறார்கள், அதில் குருணை 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உமியைக் குறைக்க யாராலும் முடியாது. மில்காரர் கையில் இருப்பது முழு அரிசிக்கும் குருணைக்கும் உள்ள விகிதம் மட்டும்தான்.

சரி, அரிசி ஏன் உடைகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

அவித்து இறக்கிய நெல்லில் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அரைக்க வேண்டுமானால் அது 14 சதவீதத்துக்கு வர வேண்டும். களத்தில் பரப்பியதும் முதலில் காய்வது மணியின் வெளிப்பக்கம். காய்ந்த வெளிப்பக்கம் சுருங்கப் பார்க்கும், ஈரமான உள்பக்கம் விடாது. வறண்ட ஏரியில் சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்கள், நெல்லும் அப்படித்தான் காயக் காய மேலிருந்து வெடிக்கும் என்று நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை. ஈரம் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை மணி இளகலாக இருக்கிறது, இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கிறது. அதற்குக் கீழே போகப் போக மாவுச்சத்து இறுகி விறைத்துவிடுகிறது.

இப்போது நல்ல வெயில், ஒரே மூச்சில் 14-க்குக் காயவைத்துவிட்டோம். நெல்லை வாரிக் குவிக்கிறோம். மீட்டர் 14 காட்டுகிறது. ஆனால் அது சராசரி. மணியின் மேல்தோலில் 14-ஐ விடக் குறைவு, நடுவில் அதிகம். வெயில் போய்விட்டது, நெல் ஆறுகிறது, ஈரம் மட்டும் உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவிலிருந்து வெளியே போகிறது. அதனால் வெளிப்பக்கம் ஈரம் வாங்கி உப்புகிறது, நடுப்பகுதி ஈரம் இழந்து சுருங்குகிறது. வெளியே இருப்பது விரிய, உள்ளே இருப்பது ஒடுங்க, நடுப்பகுதி இரண்டு பக்கமும் இழுபடுகிறது. விறைத்த மாவுச்சத்து அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மணியின் நடுவில் பிறக்கும் விரிசல் குறுக்கே ஓடி வெளியே வருகிறது.

ஆக, நெல் வெடிப்பது காயும்போது அல்ல, காய்ந்து முடிந்த சில மணி நேரம் கழித்து! களத்திலிருந்து அள்ளிய சூட்டோடு கொஞ்சம் அரைத்துப் பார்த்தால் முழு அரிசியாக வரும். அதே குவியலை மறுநாள் அரைத்தால் குருணை. வாசகர் வியந்த "அதே நெல், அதே மெஷின்" புதிர் இப்படியும் உண்டாகும்.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் கே. ஆர். பட்டாச்சார்யாவும் உடன் ஆய்வாளர்களும் புழுங்கல் நெல்லில் இதை 1960களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். மருந்தும் அவர்களே சொன்னதுதான்: 16 சதவீதத்தை நெருங்கும்போது காயவைப்பதை நிறுத்துங்கள். சூடு ஆறுவதற்குள் குவித்து, மூடி, சில மணி நேரம் விடுங்கள். மணி இளகலாக இருக்கும்போதே உள்ளும் புறமும் ஈரம் சமமாகிவிடும். பிறகு இரண்டாம் காய்ச்சலில் மிச்சத்தை மட்டும் எடுங்கள். இதற்கு வேண்டியது ஒரு தார்ப்பாயும் ஒரு ஈரப்பத மீட்டரும் பொறுமையும்தான். நம் நாட்டிலேயே நம் நெல்லில் நடந்த ஆராய்ச்சி, அரை நூற்றாண்டு கடந்தும் பல களங்களுக்கு வந்து சேரவில்லை. புது மெஷினுக்கு மானியம் கொடுப்பது போல, விஷயம் தெரிந்த ஓர் ஆள் மில் மில்லாகப் போய் ஒரு வாரம் தங்கிச் சொல்லிக்கொடுக்கவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கிய நிறுவனம் தஞ்சாவூரில் இன்றும் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் குறைவு.

விரிசலை நீங்களே பார்க்கலாம். காய்ந்த நெல்லில் ஒரு பிடி எடுத்து, உமியைக் கையால் உரித்து, ஒரு கண்ணாடித் துண்டில் பரப்பி, அடியில் டார்ச் அடியுங்கள். நன்றாக அவிந்த அரிசி வெளிச்சத்தை உள்ளே விடும். வெடித்த மணியில் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு நிற்கும், சிலவற்றில் இரண்டு மூன்று. நூறு மணியில் எத்தனை என்று எண்ணிக்கொண்டால், அரைப்பதற்கு முன்பே குருணை எவ்வளவு வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். மணிக்கு ஒரு முறை பாலிஷரிலிருந்து 100 கிராம் அரிசி எடுத்து, குருணையைப் பிரித்து நிறுத்து, வரைபடத்தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் என்ற தரக் கட்டுப்பாட்டு நிபுணர் 1924-இல் ஒரே பக்கக் குறிப்பில் எழுதிய யோசனை இது. 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் பாடம் எடுத்ததும் இதை வைத்துத்தான். உதாரணத்துக்கு, சராசரி 8 கிராம், திட்ட விலக்கம் (புள்ளிகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 1 கிராம் என்றால், அதன் மும்மடங்கைக் கழித்தும் கூட்டியும் 5-க்கும் 11-க்கும் கோடு போடுங்கள். அதற்குள் புள்ளி ஏறி இறங்குவது இயல்பு, மெஷினைத் தொடாதீர்கள். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் திருகைத் திருப்பி ஈடுகட்டப் பார்த்தால் சிதறல் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும் என்பது கணக்கு. கோட்டைத் தாண்டினால் மட்டும் காரணம் தேடுங்கள்.

அந்தக் காரணம் ரப்பர் ரோலராகவும் இருக்கலாம். இரண்டு ரோலரில் ஒன்று வேகமாகச் சுற்றும், அந்த வேக வித்தியாசம்தான் உமியை உரிக்கிறது. வேகமானது சீக்கிரம் தேய்ந்து சிறுத்தால் வித்தியாசம் குறையும், உமி சரியாகக் கழலாது. ஆபரேட்டர் இடைவெளியை இறுக்குவார், அரிசி நசுங்கும். இறுக்குவதற்குப் பதில் ரோலரை இடம் மாற்றிப் போட வேண்டும்.

குருணை கொட்டிய நாளை "நாள் சரியில்லை, கண் பட்டுவிட்டது" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டால் காரணம் அங்கேயே இருக்கும், அடுத்த வாரமும் வரும். சுவரில் மாட்டிய தரச் சான்றிதழும் தனியாக அதைத் தடுக்காது.

கடைசியாகக் கூலி. களத்தில் வேலை செய்பவருக்கு மூட்டைக் கணக்கில் கூலி என்றால், நெல்லைக் குவித்து மூடிவைக்கும் நேரம் அவருக்கு நஷ்டம். ஒரே மூச்சில் காயவைத்து அள்ளுவதுதான் அவர் வயிற்றுக்கு நல்லது. அவரைத் திட்டிப் பயனில்லை. அளவு வைத்து வேலை வாங்குவதை டெமிங் கடுமையாக எதிர்த்தது இதனால்தான். இரண்டாம் காய்ச்சலுக்குத் தனிக் கூலி கொடுங்கள், டார்ச் வைத்து விரிசல் எண்ணும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். எப்போது குவிக்க வேண்டும் என்பதைக் களத்தில் நிற்பவர்தான் சரியாகச் சொல்ல முடியும்.