பூட் கேம்ப்: படைமுறைத் தண்டனை முகாம்

அமெரிக்கக் கடற்படையிலும் மரைன் படையிலும் புதிதாகச் சேர்ந்தவரை 'பூட்' என்று அழைக்கும் வழக்கு உண்டு. அவர்கள் அணிந்த நீண்ட கால் உறையிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். அவர்களுக்கு முதற்பயிற்சி தரும் இடம் பூட் கேம்ப் ஆயிற்று. 1983-இல் ஜார்ஜியாவும் அதையொட்டி ஓக்லஹோமாவும் இச்சொல்லைச் சிறைக்குள் கொண்டுவந்தன. பெரும்பாலும் முதன்முறை தண்டனை பெற்ற இளைஞரை, நீண்ட சிறைவாசத்துக்கு மாற்றாக, 90 முதல் 180 நாள் வரை அணிவகுப்பு, உடற்பயிற்சி, கடும் உழைப்பு ஆகியவற்றில் ஈடுபடுத்துவதே திட்டம்.

குற்றவியல் நீதித் துறையினர் இதை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. சிறை நெரிசலும் செலவும் குறையும் என்று நிர்வாகிகள் எதிர்பார்த்தனர். இம்முகாம்களின் பணியாளர்கள், வழக்கமான சிறைப் பணியாளர்களைவிடத் தம் பணியிடத்தை நல்லதாகவே மதிப்பிட்டனர். ஆனால், முகாமில் இருந்தவர் மீண்டும் குற்றம் செய்வது பொதுவாகக் குறையவில்லை என்பதையே டோரிஸ் மெக்கன்சி போன்ற ஆய்வாளர்கள் கண்டனர். படைப்பயிற்சியோடு போதை மீட்பும் கல்வியும் சேர்த்த நியூயார்க்கின் ஆறு மாதத் திட்டத்தைப் பலர் தனித்துப் பேசியதற்குக் காரணம், அதில் அணிவகுப்பு மட்டுமே மருந்தாகக் கருதப்படவில்லை என்பதே. 2006-இல் ஃபுளோரிடா முகாம் ஒன்றில் காவலர்களின் வன்முறைக்கு ஆளான 14 வயதுச் சிறுவன் இறந்தபின், அம்மாநிலம் தன் சிறார் முகாம்களை அவ்வாண்டே மூடியது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'துவக்கப் பயிற்சி முகாம்' என்பது படைக்குப் பொருந்தும், சிறைக்குப் பொருந்தாது. 'பாசறை' அழகிய பழஞ்சொல். ஆயினும் போருக்குச் சென்ற வேந்தனும் வீரரும் தங்கிய இடத்தின் பெருமையை, நீதிமன்றத் தண்டனையால் அடைபட்டவரின் கூடத்துக்குச் சூட்டுவது தவறு என்றே கருதுகிறேன். அரபியிலிருந்து வந்து நம்மிடம் வேரூன்றிய 'முகாம்' போதும். 'சீர்திருத்த முகாம்' என்ற பெயர், நிறுவப்படாத பயனை முன்கூட்டியே வாக்களிக்கிறது. ஆகவே 'படைமுறைத் தண்டனை முகாம்' என்பதையே பரிந்துரைக்கிறேன். அங்கு நடப்பது எதுவோ, அதை மட்டும் அது சொல்கிறது.