சேற்றுக்குள் நடக்கும் பந்திச் சண்டை

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அமில மழை பெய்தால் வயலிலிருந்து கிளம்பும் மெதேன் குறையுமாமே? அப்படியென்றால் சம்பூரில் நிலக்கரி மின்நிலையத்தைக் கட்டியிருக்கலாமே?"

கேள்வியின் முதல் பாதி உண்மை. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம், சல்பேற்று என்ற சேர்மமாக மழையோடு வயலில் இறங்குவதுதான் காரணம். இரண்டாவது பாதியைப் பிறகு பார்ப்போம்.

மெதேன் 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மனிதரால் வெளியாகும் மெதேனில் சுமார் 8 சதவீதம் நெல் வயல்களுடையது. வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணிலிருக்கும் ஒட்சிசன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறம் வைக்கோலையும் பழைய வேரையும் மக்கவைப்பது ஒட்சிசன் இல்லாமலே வாழத் தெரிந்த நுண்ணங்கிகள். இதுவரை பள்ளிக்கூடப் பாடம்தான்.

இந்த நுண்ணங்கிகளுக்குள் ஒரு பந்தி வரிசை இருக்கிறது. ஒட்சிசனுக்குப் பதிலாக முதலில் நைத்திரேற்றைப் பயன்படுத்துபவை உட்காரும், பிறகு மங்கனீசுக்காரர், இரும்புக்காரர், சல்பேற்றுக்காரர். மெதேனை உண்டாக்கும் மெதேனாக்கிகளுக்குக் கடைசிப் பந்தி. சோறு மிஞ்சினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இங்கே சோறு என்பது பெரும்பாலும் ஐதரசனும் அசற்றேற்றும். சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் மெதேனாக்கிகளை அடிப்பதுமில்லை, நஞ்சு வைப்பதுமில்லை. ஐதரசனை வழித்துத் தின்றுவிடுகின்றன, அவ்வளவுதான். சேற்று நீரில் அவை ஐதரசனை லீற்றருக்கு 1 முதல் 1.5 நானோமோல் வரை இறக்கிவிடும். மெதேனாக்கிகளுக்கோ 7 முதல் 10 நானோமோலாவது வேண்டும். அதற்குக் கீழே போனால், ஐதரசன் இருந்தும் அவற்றுக்கு அதிலிருந்து சக்தி கிடைக்காது. இத்தனை சின்ன இடைவெளியில் ஒரு வாயுவின் தலைவிதி தீர்மானமாகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மழையில் வரும் கந்தகம் கொஞ்சம்தானே, சீக்கிரம் தீர்ந்துவிடாதா? ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேரில் துருப்பிடித்த மாதிரி ஒரு செம்மண் நிறம் படிந்திருக்கும். தண்டுக்குள் உள்ள காற்றறைகள் வழியே இறங்கும் ஒட்சிசன் வேரிலிருந்து கசிந்து, அங்கிருக்கும் இரும்பைத் துருவாக்கியதன் அடையாளம் அது. சல்பேற்று ஒருமுறை பயன்பட்டதும் சல்பைட்டாகிவிடும். சேற்றை மிதித்தால் வரும் கூழ்முட்டை மணமும் அந்தக் கறுப்பு நிறமும் அதனால்தான். அந்தச் சல்பைட்டு வேரோரக் கசிவில் சிக்கினால் திரும்பவும் சல்பேற்று. ஒரே கந்தகம் சுற்றிச் சுற்றிப் பந்தியில் உட்காருகிறது! வேடிக்கை என்னவென்றால், மெதேனில் பெரும்பகுதி வெளியேறுவதும் அதே காற்றறைகள் வழியேதான்.

வின்சன்ட் கௌசி என்ற ஆய்வாளரின் குழுவினர் நெற்பயிர்களுக்குச் செயற்கை அமில மழை பொழிந்து பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மணி முற்றும் பருவத்தில் மெதேன் 24 சதவீதம் குறைந்தது. பிலிப்பைன்ஸில் ஹெக்டேயருக்கு 6 தொன்னுக்கு மேல் ஜிப்சம் போட்ட வயலில் 55 முதல் 70 சதவீதம் குறைந்ததாக 1994இல் ஓர் ஆய்வு வந்தது. ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்றுத்தான்.

சரி, சம்பூருக்கு வருவோம். அந்த நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. நல்லதாயிற்று என்பதே என் கருத்து. நிலக்கரிப் புகை காபனீரொட்சைட்டையும் கொட்டும், ஊராரின் நெஞ்சையும் அடைக்கும். சல்பைட்டு மிஞ்சினால் நெல் வேரும் கறுத்து அழுகும். துறைமுகத்துக் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயில்கூடக் கந்தகத்தின் உச்ச அளவை 2020 ஜனவரியிலிருந்து 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்துவிட்டார்கள். காற்று சுத்தமாக ஆக, சல்பேற்றுக்காரரின் கை தளர்ந்து மெதேனாக்கிகளுக்கு இடம் கிடைக்கும். அந்தக் கணக்கைத் தீர்க்கப் புகையைத் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் சல்பேற்று வர இன்னொரு வழியும் உண்டு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. கொட்டியாரக் குடாவை ஒட்டி உவர் ஏறும் வயலுக்கும் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயலுக்கும் மெதேன் ஒன்றாக இருக்க நியாயமில்லை. அளக்கத் தேவை அடி திறந்த ஒரு பெட்டி, ஊசி, ஒரு வாயுப் பகுப்புக் கருவி. கொள்ளிவாய்ப் பிசாசை விரட்டக் கழிப்புக் கழிக்கிற காசில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கலாம். அந்தப் பிசாசுக்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் சதுப்பில் கிளம்பும் இதே மெதேன்தான்.

இப்போதைக்குக் கைக்கெட்டும் வழி, எப்போதும் நீர் கட்டி வைக்காமல் விட்டுவிட்டுப் பாய்ச்சுவது. வயல் காயும்போது ஒட்சிசனே நேராக உள்ளே இறங்கும். சல்பைட்டு சல்பேற்றாகும், இரும்பும் துருவாகித் தயாராகும். மறுபடி தண்ணீர் கட்டினாலும் மெதேனாக்கிகள் காத்திருக்க வேண்டியதுதான். இப்படிச் செய்து மெதேனைப் பாதியளவு குறைத்த வயல்கள் உண்டு. ஆனால் வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவரிடம் போய் "தண்ணியை வடிய விடுங்கோ அண்ணை" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறைத் தண்ணீர் தன் வரம்பு வரை வந்து சேரும் என்ற உறுதியை முதலில் அவருக்குக் கொடுக்க வேண்டும்.