தமிழில் தேடினால் வருவது வேறு ஊர்ப் பாடம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "பத்தாம் வகுப்பு அறிவியல்" என்று போனில் தேடுவார்கள். வரிசையாக வந்து நிற்பவை தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல வீடியோக்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் பிள்ளை எழுதப்போவது கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்நாட்டில் அறிவியல் ஒரே பாடம். இங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனி. பாட வரிசையும் கேள்வி கேட்கும் விதமும்கூட வேறு. ராத்திரி பத்து மணிவரை போனும் கையுமாக உட்கார்ந்து படித்த பிள்ளை பரீட்சையில் ஏன் திணறுகிறது என்று வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. பொள்ளாச்சியில் டியூஷன் சேர்த்தாலும் இதே கதைதான்.

பள்ளியில் ஐ.டி. பொறுப்பைப் பார்ப்பவன் என்பதால் பெற்றோர் என்னிடம் வந்து, "சார், லேப்டாப் வாங்கித் தரணுமா?" என்று கேட்பார்கள். கடன் வாங்கி வாங்க வேண்டாம் என்பேன். முதலில், பாடப் புத்தகம் தயாரிக்கும் அரசு அமைப்பான கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தளத்துக்குப் போய்த் தமிழ்வழிப் புத்தகத்தை இறக்கி வையுங்கள். காசு கிடையாது. கொரோனா காலத்தில், 2020 ஜூனில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற டிவி, ஆன்லைன் வகுப்புகள் தமிழ்வழிக்கும் வந்தன; அந்த வீடியோக்களை இன்னும் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் 2024லும் 2025லும் பாடப் புத்தகங்கள் மாறிவிட்டன. கையில் இருக்கும் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் எந்த வீடியோவையும் நம்ப வேண்டாம்.

கருவிகளுக்குக் கேரளப் பள்ளிகளில் பெரிய பஞ்சமில்லை. பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுவர 2001ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய அரசுத் திட்டம், இன்று 'கைட்' என்ற அரசு நிறுவனமாக நிற்கிறது. எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளை லேப்டாப், புரொஜெக்டரோடு ஹைடெக் ஆக்கினார்கள். எல்லாம் லினக்ஸில் ஓடுகிற கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. குறை எங்கே என்றால், புரொஜெக்டர் வந்த பிறகு பல வகுப்புகளில் ஆசிரியர் காட்டுகிறார், பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு முனையைத் தானே இழுத்து, கோணங்கள் எப்படி மாறினாலும் கூட்டினால் 180 பாகைதான் என்று பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. திரையில் பார்த்த பிள்ளைக்கு அது இன்னொரு படம்.

லேபிலும் ஒரு அரசியல் உண்டு. ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தால், வீட்டில் கணினி இருக்கிற பையன் மவுஸைப் பிடித்துக்கொள்வான். பெண் பிள்ளைகள் நோட்டில் குறிப்பெடுப்பார்கள்! என் லேபில் வீட்டில் கணினி இல்லாதவர் கைக்குத்தான் மவுஸ் முதலில் போகும். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐ.டி.க்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறது. அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அனுபவம் உதவாது.

அடுத்தது தட்டச்சு. தமிழ்வழிப் பிள்ளைகள்கூடத் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். ழ, ள, ல வித்தியாசம் தேய்வதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். பள்ளி லேப்டாப்பில் ஐபஸ் என்ற, தட்டச்சு மொழியை மாற்ற உதவும் மென்பொருள் வழியாகத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையைச் சேர்த்துவிடலாம். உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். தினம் பத்து நிமிடம் பழகினால் போதும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கைவந்துவிடும். பெரியவர்களுக்குத்தான் நேரம் எடுக்கிறது.

அப்புறம் இந்தச் செயற்கை நுண்ணறிவு. 2024ல் ஏழாம் வகுப்பு ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) புத்தகத்திலேயே வந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை அதனிடம் தமிழிலேயே கேட்கிறார்கள். கேட்கட்டும். பதிலை அப்படியே எழுதாமல், அது நம் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்க எண்ணைச் சரிபார்க்க அது தேவையில்லை.