காவலுக்குச் செல் கொடுக்கும் விலை

ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்லைக் காக்கும் மரபணுக்களை இயக்கிவைப்பது என்ஆர்எஃப்2 என்னும் புரதம். நலமாக உள்ள செல்லில் இது ஓயாமல் உற்பத்தியாகிறது. உற்பத்தியான வேகத்திலேயே அழிக்கவும்படுகிறது. இதன் அரைவாழ்வு ஏறத்தாழ 20 நிமிடங்கள்தாம். கீப்1 என்ற மற்றொரு புரதம் இதைப் பற்றிக்கொண்டு, இதன்மீது யூபிக்விட்டின் அடையாளம் ஒட்டப்பட வழிசெய்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமிடம் சேர்ப்பிக்கிறது. வீண்செலவாகத் தோன்றினாலும், இந்த ஏற்பாட்டால் கிடைப்பது வேகம். கீப்1இல் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்களின் கந்தகம் ஆபத்தான வேதிப்பொருளோடு வினைபுரிந்ததும் அழிப்பு தடைப்படுகிறது. உற்பத்தியோ ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதால், என்ஆர்எஃப்2 விரைவில் பெருகி உட்கருவை அடைந்துவிடுகிறது.

சில புற்றுநோய்களில் இந்த எச்சரிக்கை நிலை அணைவதே இல்லை. நுரையீரலின் செதிள்செல் புற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இந்தப் பாதையின் மரபணுக்கள் மாறியிருக்கின்றன. என்ஆர்எஃப்2இல் ஏற்படும் திடீர் மாற்றங்கள் பெரும்பாலும் கீப்1 அதைப் பிடிக்கும் இரண்டு சிறு பகுதிகளிலேயே குவிந்துள்ளன. பிடி நழுவினால் அழிப்பும் இல்லை.

காவலன் ஓயாதபோது செல்லின் பொருளாதாரமே மாறுகிறது. குளுக்கோஸின் ஒரு பகுதி பென்டோஸ் பாஸ்பேட் பாதைக்குத் திருப்பப்படுகிறது. அப்பாதையில் நுழையும் ஒவ்வொரு மூலக்கூறும் ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்க எலக்ட்ரான் வழங்கும் இரண்டு என்ஏடிபிஎச் மூலக்கூறுகளைத் தருவதோடு, டிஎன்ஏவுக்கு வேண்டிய ரைபோஸுக்கும் மூலப்பொருளாகிறது. பாதுகாப்புக்கு அமைந்த பாதை பெருக்கத்துக்கும் உதவுவது இவ்வாறுதான். என்ஆர்எஃப்2 குளுக்கோஸையும் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் இத்தகைய கட்டுமான வேலைகளுக்குத் திருப்புவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினர்.

செல்லின் முதன்மையான ஆக்சிஜனேற்றத் தடுப்பான் குளூட்டாதயோன். அதற்கு வேண்டிய சிஸ்டீன், வெளியிலிருந்து சிஸ்டைனாக வருகிறது. அதாவது, இரண்டு சிஸ்டீன்கள் கந்தகப் பிணைப்பால் கைகோத்த வடிவில். (பெயர்க் குழப்பத்துக்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது, அது வேதியியலாரின் கைவண்ணம்.) என்ஆர்எஃப்2 பெருக்கிவைக்கும் எக்ஸ்சிடி என்ற கடத்தி, ஒரு சிஸ்டைனை உள்ளே விட ஒரு குளூட்டமேட்டை வெளியே தள்ளுகிறது. வந்த சிஸ்டைனைப் பிரிக்க ஒரு என்ஏடிபிஎச்சும் செலவாகிறது. எனவே எக்ஸ்சிடி மிகுந்த செல்லைக் குளுக்கோஸின்றிப் பட்டினி போட்டால், பிரிக்கப்படாத கந்தகப் பிணைப்புகள் குவிந்து, ஆக்டின் என்ற உட்சட்டகம் சிதைந்து செல் மடிகிறது. இவ்வகைச் சாவுக்கு 2023இல்தான் தனிப்பெயர் இடப்பட்டது.

வெளியேறும் குளூட்டமேட்டை ஈடுகட்ட இந்தச் செல்கள் குளூட்டமினைப் பெரிதும் நம்புகின்றன. குளூட்டமினை குளூட்டமேட்டாக மாற்றும் குளூட்டமினேஸ் நொதியைத் தடுத்தபோது, கீப்1 பழுதான கட்டிகளின் வளர்ச்சி எலிகளில் தணிந்தது. ஆனால் அதே வழியில் செயல்படும் டெலாகிளனாஸ்டாட் மருந்தை நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது போதிய பயன் தெரியவில்லை. 2021இல் சோதனை நிறுத்தப்பட்டது. இதற்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது எளிதன்று. எனினும், ஆய்வகத் தட்டிலுள்ள வளர்ப்பு ஊடகத்தில் இரத்தத்தைவிடச் சிஸ்டைன் மிகுதி என்பதையும், சிஸ்டைன் மிகுந்தால் செல்லின் குளூட்டமின் தேவையும் கூடுகிறது என்பதையும் 2017இலேயே ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியிருந்தது.