பிரித்தானியக் கொடி பறக்கிற தீவெல்லாம் பிரித்தானியா இல்லை

“டியாகோ கார்சியாவில் கால் வைத்துவிட்டால் போதும், பிறகு லண்டன் கேஸ்தான்” என்று ஏஜென்சிக்காரர் சொன்னதாக இன்னும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். காணியை ஈடு வைத்துக் காசு கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். தயவுசெய்து கட்ட முதல் இதை வாசியுங்கள்.

டியாகோ கார்சியா, சாகோஸ் தீவுகளில் பெரியது. 1965 நவம்பரில் அதை மொரிசியஸிலிருந்து பிரித்து ‘பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம்’ என்று தனியாக்கினார்கள். 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கே பிறந்து வளர்ந்த சனத்தையே வெளியேற்றிவிட்டு அமெரிக்கத் தளம் கட்டினார்கள். சொந்தக்காரருக்கே இடமில்லாத தீவு அது.

அதற்குத் தனி ஆணையாளர், தனிக் கட்டளைச் சட்டங்கள், தனி உயர் நீதிமன்றம். பிரித்தானியக் குடிவரவுச் சட்டம் அங்கே செல்லாது. 1951 அகதிகள் சாசனத்தையும் அந்த ஆள்புலத்துக்கு நீட்டவில்லை. அதனால் நீங்கள் நினைக்கிற புகலிட விண்ணப்பம் அங்கே கிடையாது. திருப்பி அனுப்பினால் ஆபத்தா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆபத்து என்று ஏற்றுக்கொண்டாலும் சொல்லப்பட்டது ‘பாதுகாப்பான மூன்றாம் நாடு’, பிரித்தானியா அல்ல.

2021 ஒக்டோபரில் அங்கே கரை சேர்க்கப்பட்ட இலங்கைத் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, வேலியடைத்த கூடார முகாமில் எலிகளோடு கிடந்தார்கள். காவல் இல்லாமல் வெளியே போக விடவில்லை. உயிரை மாய்க்க முயன்ற சிலரைச் சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தடுத்துவைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது 2024 டிசம்பரில்.

“அவர்களை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்தானே?” ஏஜென்சிக்காரர் இப்போது இதைத்தான் விற்கிறார். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே கிடந்து, வழக்காடி, தீவை மொரிசியஸிடம் கொடுக்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த ஆட்களுக்கு மட்டும் நடந்த ஏற்பாடு அது. புதிதாக வருகிறவர்களைத் தென் அத்திலாந்திக்கில் உள்ள சென்ட் ஹெலனாவுக்கு அனுப்புவதாக 2024 ஒக்டோபரிலேயே ஒப்பந்தம் போட்டாயிற்று. அதுவும் பிரித்தானியாவின் கடல்கடந்த ஆள்புலம்தான், லண்டன் அல்ல. இறைமையைக் கையளிக்கும் உடன்படிக்கை 2025 மே மாதம் கையெழுத்தானது. மொரிசியஸ் அகதிகள் சாசனத்தில் சேராத நாடு.

மற்றத் தீவுகளும் ஒன்றுபோல் இல்லை. கிறிஸ்மஸ் தீவு அவுஸ்திரேலியாவின் மண்தான். ஆனால் 2001 செப்டெம்பரிலேயே அதைக் குடிவரவு வலயத்திலிருந்து சட்டத்தால் விலக்கிவிட்டார்கள், அதாவது படகில் அங்கே இறங்கினாலும் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. 2013க்குப் பிறகு படகுகளை நடுக்கடலிலேயே திருப்புகிறார்கள். இந்து சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் மாவட்டம், பிரெஞ்சுப் புகலிடச் சட்டம் அங்கே உண்டு. அதை நம்பிப் போனவர்களிலும் பலர் திரும்பி வந்தார்கள்.

இனிப் போகத்தான் போகிறோம் என்பவர்களுக்கு: அங்கீகரிக்கப்படாத வழியால் இலங்கையை விட்டு வெளியேறுவது குற்றம், திருப்பி அனுப்பினால் நீதவான் முன் நிற்க வேண்டும். அடையாள அட்டையையும் முறைப்பாட்டுப் பிரதிகளையும் கடலில் எறியச் சொன்னால் எறியாதீர்கள். படமெடுத்து ஊரில் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். குழந்தைகளை ஏற்றாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன்.

ஏற்கெனவே உறவினர் ரீயூனியன் காத்திருப்பு வலயத்தில் (உள்ளே விடுவதா என்று முடிவாகும்வரை வைத்திருக்கும் இடம்) இருந்தால், முதல் நேர்காணலிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே விட்டதைப் பிறகு சேர்த்தால் முரண்பாடு என்று எழுதிவிடுவார்கள். நுழைய அனுமதி மறுத்தால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக இருப்பது 48 மணித்தியாலம். சட்டத்தரணியை அன்றைக்கே பிடியுங்கள், ஏஜென்சிக்காரரைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.