பயிற்சிக்குத் தலைவரை அனுப்புங்கள், தலைவரின் கணவரை அல்ல

போன வாரப் பயிற்சியிலும் அதே கதைதான். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் வந்து, "அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்க மேடம், வண்டியில இருக்காங்க, கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். வண்டியில் இருந்தவர் ஊராட்சித் தலைவர். தாளைக் கேட்டவர் அவருடைய கணவர். கேட்ட விதத்தில் துளி தயக்கம்கூட இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, வகுப்புக்கே வராதவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க, எல்லாம் நான்தான் பார்த்துக்கறேன்." இந்த வரியை எல்லா மாவட்டத்திலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பலர் மனைவிக்கு உதவுவதாகவே நம்புகிறார்கள். சரி, அப்படி எதுதான் புரியாது? ஊராட்சி நிர்வாகத்தில் பெரும்பகுதி குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, பாதை. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டால் சரியான பதில் வரும்? கணக்கு, தீர்மானம், மதிப்பீடு, அளவைப் புத்தகம் இதெல்லாம் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கணவருக்கும் புதிதுதானே? தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாக நடந்து, பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்), ஓவர்சீயர், ஊராட்சி செயலர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கற்றுக்கொண்டார். அந்த நடையை மனைவி நடக்க விடவில்லை. விடாமல் இருந்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அவருக்குப் புரியாது என்றால் என்ன நியாயம்? புரியவில்லை என்பவருக்காகத்தானே பயிற்சியே நடக்கிறது, எல்லாம் தெரிந்தவருக்கு நாங்கள் எதற்கு?

அன்றைக்கு வண்டி வரைக்கும் நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். மதியம் வரை அவர் வாய் திறக்கவில்லை. மதியத்துக்கு மேல் அவரவர் ஊராட்சியின் வரவு செலவு விவரத்தை எடுத்துக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வது எங்கள் வழக்கம் (பவர்பாயிண்ட்டில் சட்டப் பிரிவுகளைக் காட்டுவதைவிட இது பத்து மடங்கு பயன்). விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, "மேடம், மோட்டார் காயில் கட்டுனதா போட்டிருக்கே, அந்த மாசம் எங்க ஊர்ல மோட்டாரே நிக்கலையே" என்றார். அந்த பில் சரியா தவறா என்று எனக்குத் தெரியாது, வேறு மோட்டாராகக்கூட இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், அதைக் கேட்டவர் 'புரியாது' என்று வண்டியில் உட்கார வைக்கப்பட்டவர்.

இது ஏதோ ஓர் ஊரின் கதை என்று தள்ளிவிட முடியாது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் ஓர் ஆய்வு செய்து 2004-இல் வெளியிட்டார்கள். எந்த ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பது கிட்டத்தட்டக் குலுக்கல் போல அமைந்ததால், பெண் தலைவர் உள்ள ஊரையும் மற்ற ஊர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர்கள் படிப்பிலும் அனுபவத்திலும் பின்தங்கித்தான் இருந்தார்கள். அப்படியிருந்தும், ஊர்ப் பெண்கள் அதிகமாக முறையிட்ட குடிநீருக்கு அவர்களுடைய ஊராட்சிகள் கூடுதலாகச் செலவு செய்திருந்தன. மேற்கு வங்கத்திலேயே 2009-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், தொடர்ந்து இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகு, யாரும் போட்டியிடக்கூடிய பொதுப் பதவிகளுக்கும் பெண்கள் அதிகமாக நின்று ஜெயித்தார்கள் என்று தெரிந்தது. பார்த்துப் பழகினால் ஊர் ஏற்றுக்கொள்கிறது. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் எப்படிப் பழகும்?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். 2016-இல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தினோம். இத்தனை ஆயிரம் பெண்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்தால் அந்தத் திருத்தம் எதற்கு? இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. வடக்கே 'சர்பஞ்ச் பதி', அதாவது தலைவரின் கணவர், என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 2023-இல் இதற்கென்று ஒரு குழு போட்டு, அந்தக் குழு கடும் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு விஷயம் முற்றியிருக்கிறது.

இப்போது தலைவர்களோடு நேராகப் பேசுகிறேன். அம்மா, காசோலையில் நீங்களும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். நாளைக்குக் கணக்குத் தணிக்கையில் ஆட்சேபம் (தணிக்கைத் தடை) வந்தால் அது உங்கள் பெயருக்கு வரும். ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் ஆட்சியர் விளக்கம் கேட்டால் உங்களைத்தான் கேட்பார், பதவி போனால் உங்கள் பதவிதான் போகும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவரின் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது. அதனால் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். 'அவசரம், ஊருக்குப் போறீங்க, அஞ்சாறு செக்ல போட்டு வெச்சிட்டுப் போங்க' என்று யார் சொன்னாலும், அது கணவராகவே இருந்தாலும், போடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் கீழே இடம் விட்டிருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அதற்குக் கீழே போடுங்கள்.

அப்புறம் அந்த டிஜிட்டல் கையெழுத்து. பென்டிரைவ் மாதிரி ஒன்று கொடுத்திருப்பார்கள். நிதிக்குழு மானியத்தை இ-கிராம்ஸ்வராஜ் என்ற அரசு இணையதளம் வழியாகச் செலவு செய்ய அது வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி அதில் போடும் கையெழுத்தும் பேனாவில் போடும் கையெழுத்தும் ஒன்றுதான். அது இப்போது எங்கே இருக்கிறது? செயலரின் மேசை டிராயரில் கிடக்கும், அதன் மேலேயே பாஸ்வேர்டு எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இன்றைக்கே கேட்டு வாங்கிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள், உங்கள் எண் இல்லையென்றால் மாற்றித் தரச் சொல்லி ஒன்றியத்தில் எழுதிக் கொடுங்கள்.

கிராம சபையில் நீங்களே பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டம் இருக்கிறது. முதல் கூட்டத்தில் குரல் நடுங்கினால் நடுங்கட்டும். இரண்டாவதில் வரவு செலவை மட்டுமாவது நீங்கள் வாசியுங்கள். கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்று வீடு வீடாக நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறார்களே, அதற்கும் சம்மதிக்காதீர்கள். 3,000 பேர் வரை உள்ள ஊருக்கு 100 பேர் வந்தால் போதும், ஒலிபெருக்கியில் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள்.

பயிற்சி நடத்தும் எங்கள் பக்கத்துக்கும் வருகிறேன். மறைமலைநகரில் மாநில நிறுவனம் இருக்கிறது, பவானிசாகர், கிருஷ்ணகிரி, பட்டுக்கோட்டை, தே.கல்லுப்பட்டி என்று மண்டல மையங்கள் இருக்கின்றன. கையேடுகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இரண்டு நாளில் பதினைந்து தலைப்புகளைத் திணித்து, கடைசியில் ஒரு படிவம் கொடுத்து 'மிக நன்று' என்று டிக் வாங்கி, இத்தனை பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது என்று அறிக்கை அனுப்பினால் வேலை முடிந்ததாகிவிடுமா? ஆறு மாதம் கழித்து அந்த ஊருக்குப் போய், காசோலைப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று யாராவது பார்க்கிறார்களா? கேரளத்தில் 1996-இல் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தபோது, உறுப்பினர்கள், அலுவலர்கள், தன்னார்வலர்கள் என்று எல்லோருக்கும் சுற்றுச் சுற்றாகப் பயிற்சி நடந்தது. பணமும் பயிற்சியும் கூடவே போயின. இங்கே தலைவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உரிமைகளைச் சொல்லி அனுப்புகிறோம், அவர் திரும்பிப் போய் உட்கார வேண்டியது அந்த வகுப்பில் எதையும் கேட்டிராத துணைத் தலைவருக்கும் செயலருக்கும் நடுவில்.

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்ததே, அவருக்கு நூறு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தாலும் அது நடந்திருக்கும். பயிற்சி தேவைப்பட்டது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. துணைத் தலைவரையும் செயலரையும் தலைவரோடு ஒரே அறையில் உட்கார வைக்காத வரை பாதி வேலைதான் செய்கிறோம்.

ஆய்வுக்காக ஊராட்சிகளுக்குப் போகும் மாணவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தலைவர் வீட்டுக்குப் போகிறீர்கள், கணவர் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுகிறார், தலைவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். நீங்கள் படிவத்தில் 'பதிலளித்தவர்: தலைவர்' என்று நிரப்புகிறீர்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் அடுத்த பயிற்சிக்குப் பாடம் எழுதுகிறார்கள். பதில் சொன்னவர் யார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள். தலைவரை நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலோ மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலோ தனியாகப் பாருங்கள், இரண்டாம் முறை போக வேண்டியிருந்தால் போங்கள்.

தலைவர்கள் வராததற்கு வேறு காரணங்களும் உண்டு, அவை நியாயமானவை. மதிப்பூதியமே 2022-இல்தான் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. கூலி வேலைக்குப் போகும் ஒருவர் இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கைக்குழந்தையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வர வேண்டும். நடவு நேரத்திலும் திருவிழா நேரத்திலும் தேதி குறித்துவிட்டு யாரும் வரவில்லை என்று தலைவர்கள் மேல் பழி போடாதீர்கள், அதிகாரிகளே. தலைவர்களும் கடிதம் வந்தவுடன் மையத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். பால் குடிக்கும் குழந்தை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ள மாமியாரோ குழுத் தோழியோ வரட்டும், அவர்களுக்கும் சாப்பாடும் தங்க இடமும் ஏற்பாடு செய்ய வேண்டியது எங்கள் பொறுப்பு. வரும்போது மறக்காமல் உங்கள் ஊராட்சியின் போன வருட வரவு செலவு விவரத்தைச் செயலரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். கொடுக்கவில்லையென்றால் அதையும் வந்து சொல்லுங்கள், எழுதிக் கேட்பது எப்படி என்பதிலிருந்தே வகுப்பைத் தொடங்கலாம்.